தலைவர் மூடிய இலை

"அம்மா, என்கிட்ட யாரும் ஒரு குறையும் சொல்றதில்லை" என்றார் தில்லைநாயகம்.

செங்கமலத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் குரு.

தில்லைநாயகம் மாட்டுத்தீவன ஆலை வைத்துப் பெரிய ஆளாகி, பிறகு கட்சி தொடங்கி, இப்போது நாடு முழுக்கத் தெரிந்த தலைவர். ஆலைக்கு முன்பிருந்தே அம்மாவின் சீடர்.

"குறை இல்லேன்னா நல்லதுதானே?"

"இல்லாம இருக்குமா அம்மா? தீவனம் வித்தப்போ, மாடு பால் குறைச்சா ஆலை வாசல்ல வந்து சட்டையைப் பிடிப்பாங்க. இப்போ எந்த ஊருக்குப் போனாலும் மாலை, மேளம், 'எல்லாம் நல்லா இருக்குங்க தலைவரே'. சுவர்ல, பஸ் பின்னாடி, எங்கே பார்த்தாலும் என் மூஞ்சிதான். இப்படியே போனா ஏதாவது தப்பா பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

"சாப்பிட்டுப் பேசலாம். கூட வந்தவங்களையும் கூப்பிடுங்க."

பந்தி போட்டார்கள். அம்மாவே பரிமாறினார்.

தில்லைநாயகம் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் சாப்பிட்டே பழகியவர். மளமளவென்று சாப்பிட்டார். இலையை மூடினார். எழுந்தார்.

படபடவென்று எல்லா இலைகளும் மூடின. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"சாப்பாடு எப்படி?" என்று கேட்டார் அம்மா.

"பிரமாதம்" என்றார் தலைவர்.

"பிரமாதம், பிரமாதம்" என்றார்கள் எல்லாரும், கை கழுவிக்கொண்டே.

"சந்தோஷம். தலைவரே, இந்த இலையெல்லாம் நீங்களே எடுத்துப் போட்டுடுங்க."

கட்சிக்காரர்கள் பதறிப்போனார்கள்.

"ஐயோ, தலைவர் எச்சில் இலை எடுக்கிறதா? தள்ளுங்க, நாங்க எடுக்கிறோம்!"

"இருய்யா, முதல்ல போட்டோக்காரரைக் கூப்பிடு!"

அம்மா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் வெளியே போய்விட்டார்கள்.

தில்லைநாயகம் குனிந்து ஒரு இலையை எடுத்தார். கனத்தது.

பிரித்துப் பார்த்தார். சோறு அப்படியே இருந்தது. ரசத்துக்குக் குழி பண்ணி வைத்திருந்தார்கள். ரசம் வந்திருக்கவில்லை.

அடுத்த இலையும் கனம். அதற்குள் வடை முழுசாக இருந்தது.

"காலையில இருந்து என் பின்னாடி வெயில்ல நிக்கிறாங்களே அம்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அம்மா புது இலைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

தில்லைநாயகம் வாசலுக்குப் போய், தானே எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். மறுபடியும் பந்தி. தலைவர் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார்.

முதலில் எல்லார் கண்ணும் அவர் கையிலேயே இருந்தது. பிறகு பசி வந்து மறக்கடித்தது. யாரோ ஏப்பம் விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். ரசம் வந்தது.

பக்கத்து இலையில் வேலாண்டி என்று ஒரு கிளைச் செயலாளர். சாப்பிடுகிற சுகத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"ரசத்துல உப்பே இல்லீங்க தலைவரே."

பந்தியில் எல்லாக் கையும் நின்றது. வேலாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஆமா, இல்லை" என்றார் தில்லைநாயகம். "அப்புறம்? சொல்லுங்க."

வேலாண்டி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க ஊர்ப் பாலம் போன மழையிலயே இடிஞ்சு போச்சுங்க. புள்ளைங்க ஆத்துல இறங்கித்தான் பள்ளிக்கூடம் போவுதுங்க."

அதற்குள் எதிர் வரிசையில் ஒருவர், "எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்குங்க" என்று தொண்டையைச் செருமினார்.

தில்லைநாயகத்தின் இலை காலியாகியிருந்தது. அவர் அதை மூடவில்லை.

"அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம்."