சுவரில் படித்தவள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று எனக்குக் கதை சொன்னவர் சொல்லாமலே போய்விட்ட ஒரு நாட்டில், ஒரு ராசா இருந்தார். அவருக்கு ஒருநாள் திடீரென்று ஓர் ஆசை வந்தது. "ஏட்டுச்சாலையில் படிப்பவர்கள் தலை நிமிர்ந்தால் வெறும் சுவர்தான் தெரிகிறது. அங்கே ஒரு சித்திரம் வேண்டும்" என்றார்.

ஏட்டுச்சாலைக்கு விளக்குகளை எல்லாம் வாங்கிக் கொடுத்தவர் கனகசபைப் பிரபு. சுவரில் தம் முகம்தான் வரும் என்று நம்பி, மீசைக்கு எண்ணெய் பூசிக் காத்திருந்தார். ஓவியன் வெண்காடனோ, முறத்தை ஓரமாக வைத்துவிட்டு ஓலைச்சுவடி படிக்கும் ஒரு பெண்ணை எழுதினான். இறந்துபோன அவன் மனைவி தங்கத்தின் முகம் அது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசை மட்டும் இருந்தது. இப்போது அவள் முகம் இருக்கும் இடம் உலகத்திலேயே அந்தச் சுவர் ஒன்றுதான்.

பிரபு பல்லைக் கடித்துக்கொண்டு சமயம் பார்த்தார். சரசுவதி பூசை வந்தது. அன்று யாரும் ஏடு தொடக் கூடாது. ஓர் எழுத்தைக்கூடப் படிக்கக் கூடாது. சுவடிகளைப் பட்டில் கட்டி, சந்தனம் வைத்து, தேவியின் முன் அடுக்கிவிடுவார்கள். மறுநாள்தான் பிரிப்பார்கள்.

பூசை நடக்கும்போதே பிரபு ஓடி வந்தார்.

"அபசாரம், மகாராசா! நாடே ஏட்டைக் கீழே வைத்திருக்கிறது. சுவரில் இருப்பவள் மட்டும் படித்துக்கொண்டே இருக்கிறாள்!"

"சித்திரம்தானே, பிரபு?"

"சித்திரம் என்றால் வழக்கம் பொருந்தாதா? தேவி கோபித்துக்கொண்டு நாட்டில் கல்வியே அழிந்தால் யார் பொறுப்பு?"

தேவியின் கோபம் என்றதும் ராசா அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெண்காடனை அழைத்தார். "பூசை விளக்கு மலையேறுவதற்குள் அவள் ஏட்டைக் கீழே வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படும்."

"தூரிகையால் திருத்தலாம் என்று எண்ணாதே. அதுவும் எழுதும் கருவிதான். இன்று தொடக் கூடாது" என்றார் பிரபு.

வெண்காடன் அரண்மனை விகடகவி தொப்பளானிடம் ஓடினான். "அண்ணே, இன்னொரு தடவை அவளைப் பறிகொடுக்க என்னால ஆகாது."

தொப்பளான் வாயில் இருந்த சுண்டலை விழுங்கினான். "அழாதே தம்பி. குத்தம்னு ஒருத்தர் சொன்னா விசாரணைன்னு ஒண்ணு வேணுமில்ல? வா."

ராசாவும் சபையும் ஏட்டுச்சாலையில் கூடினார்கள். தொப்பளான் சித்திரத்தின் முன் கைகட்டி நின்றான்.

"அம்மா, ஏட்டைக் கீழே வையுங்கள்."

பதில் இல்லை.

"படிப்பில் மூழ்கியிருக்கிறார் போலிருக்கிறது, மகாராசா. அடுத்த ஓலையைப் புரட்டும்போது கேட்டுக்கொள்ளலாம்."

எல்லாரும் காத்திருந்தார்கள். ராசாவும் காத்திருந்தார். சேனாதிபதி நின்றபடியே கொட்டாவி விட்டார்.

"புரட்டவே காணோமே!" என்றார் ராசா.

"அப்படியானால் படிக்கவில்லை."

"மெதுவாகப் படிக்கிறாள்!" என்று கத்தினார் பிரபு.

"வெறும் ஓலையை எவ்வளவு மெதுவாகத்தான் படிப்பது, பிரபு?"

"வெறும் ஓலை என்று யார் சொன்னது? எழுத்து இருக்கிறது!"

"ஏதோ பொடிப்பொடியாகத் தெரிகிறது. எறும்பு ஊர்ந்த தடமாக இருக்கும். விட்டுத்தள்ளுங்கள், உங்கள் கண்ணுக்கெல்லாம் அது எட்டாது."

பிரபுவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு விளக்கைப் பிடுங்கிக்கொண்டு, மூக்கு சுவரில் இடிக்கக் குனிந்து, உரத்த குரலில் படித்தார்: "'குழம்பில் உப்பு மிஞ்சினால் ஒரு பிடி சோற்றை உருட்டிப் போடு. அதற்கும் அடங்காவிட்டால் விருந்தாளியைக் கூப்பிடு.' கேட்டீர்களா? எழுத்து இல்லையாம், எழுத்து!"

வெண்காடன் வாயைப் பொத்திக்கொண்டான். அடுப்படியில் தங்கம் வழக்கமாகச் சொல்வது அது.

"அருமையாகப் படித்தீர்கள்" என்றான் தொப்பளான். "இன்று என்ன நாள், பிரபு?"

பிரபு விளக்கோடு இரண்டடி பின்வாங்கினார்.

"மகாராசா, சுவரில் இருக்கும் அம்மா படித்ததை ஒருவரும் கேட்கவில்லை. இவர் படித்ததைச் சபையே கேட்டது. சுண்ணாம்பை யார்மேல் அடிப்பது?"

ராசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கிரீடம் நழுவி மூக்கில் வந்து நின்றது. "பூசையன்று படித்தால் படிப்பு ஏறாது என்பார்களே! இவர் கதி என்ன?"

"இதுவரை ஏறியதை வைத்துப் பார்த்தால் பெரிய நட்டம் இல்லை, மகாராசா. ஆனாலும் பரிகாரம் செய்துவிடலாம். நாளை விசயதசமி. குழந்தைகளோடு உட்கார்ந்து, பச்சரிசியில் 'அ' எழுதி முதலிலிருந்து தொடங்கட்டும்."

ராசா மறுபடியும் சிரித்து, தம் பொன்னாடையை எடுத்துத் தொப்பளானுக்குப் போர்த்தினார். அந்தச் சுவர்மேல் எவரும் கை வைக்கக் கூடாது என்று ஆணையும் இட்டார்.

மறுநாள் காலையில் சுவடிகளைப் பிரித்தார்கள். பக்கத்துக் குழந்தை அரிசியை அள்ளி அள்ளித் தின்ன, பிரபு மிச்சம் இருந்ததில் 'அ' எழுதிக்கொண்டிருந்தார். வெண்காடன் சுவரின் முன் போய் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

"தங்கம், இன்னிக்குப் படிக்கலாம்."