நான்கு நாள் காயம்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் நெருங்கி வாருங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கொட்டும் மழையில் பள்ளி வேன் ஒன்று சறுக்கிக் கால்வாய்க்குள் பாய்ந்தது. வழியே போன யாரோ ஒருவர் குதித்து, பின்கண்ணாடியை உடைத்து, ஓட்டுநரையும் ஆறு பிள்ளைகளையும் இழுத்துக் கரைசேர்த்தார். சொரசொரப்பான சிமெண்டுக் கரையில் உரசி அவர் கை தோலுரிந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். முகத்தை ஹெல்மெட் மறைத்திருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆள் போய்விட்டார்.

அவருக்கு வீரப் பதக்கமும், வீட்டில் ஒருவருக்கு அரசு வேலையும் என்று அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவருக்குமே வலது முன்கையில் தோலுரிந்த காயம்!

இன்ஸ்பெக்டர் தங்கதுரை மூவரையும் அரசு மருத்துவமனையின் சட்ட மருத்துவர் மங்கையர்க்கரசியிடம் அழைத்துவந்தார்.

"பதினோரு மணிக்கு விழா மேடம். எந்தக் காயத்துக்கு வயசு நாலு நாள்? அதை மட்டும் சொல்லிடுங்க."

பதினாறு வருடங்களாக அடித்தவன் யார், கொன்றவன் யார் என்றே டாக்டரிடம் கேட்டிருக்கிறார்கள். காப்பாற்றியவர் யார் என்று கேட்டது அன்றுதான். கையுறையை மாட்டிக்கொண்டார்.

சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. நல்ல உடம்பில் சிராய்ப்பு முதல் நாள் பளிச்சென்று சிவந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் மேலே படியும் பொருக்கு செம்பழுப்பாகும். நான்காம் நாளிலிருந்து கறுக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் உதிரும்.

முதலில் லாரி ஓட்டுநர் செல்லப்பாண்டி. அவர் காயம் பளிச்சென்ற சிவப்பு. மேலே ஈரம் காயாத மெல்லிய பொருக்கு.

அடுத்து, இருபத்திரண்டு வயது நிதின். பொருக்கு முக்கால்வாசி உதிர்ந்து, அடியில் வெளிறிய புதுத்தோல் தெரிந்தது. "எனக்கு எதுவுமே சீக்கிரம் ஆறிடும் டாக்டர். இளரத்தம்!" என்று சிரித்தான்.

மூன்றாவது ஆள் அருளாந்து. மொபெட்டில் ஊர் ஊராகப் பிளாஸ்டிக் குடம் விற்பவர், வயது ஐம்பத்தெட்டு. பொருக்கு செம்பழுப்பு நிறம். டாக்டர் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது. நெற்றி வியர்த்திருந்தது.

"பயமா இருக்கா?"

"இல்ல டாக்டரம்மா. காலைல வழக்கம்போல ஊசியப் போட்டுட்டேன், சாப்பிடாம வந்துட்டேன். பதினெட்டு வருசத்துல இன்னைக்குத்தான் மறந்தேன்."

டாக்டர் சட்டென்று சர்க்கரை அள்ளிப்போட்ட டீயை வரவழைத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

இன்ஸ்பெக்டர் அட்டவணையையும் காயங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு நேத்து பட்டது. ஒண்ணு ஒரு வாரத்துக்கும் முந்தினது. இவரோடது ரெண்டு நாள் காயம். அப்போ மூணு பேருமே ஏமாத்துறாங்களா மேடம்?"

மணி பத்தேகால். வெளியே கூட்டம் ஆரவாரித்தது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யாருடையது திங்கட்கிழமைக் காயமாக இருக்க முடியும்? "இவர்தான் காப்பாற்றியவர்" என்று டாக்டர் கையெழுத்திட்டால் அது சரியாகுமா?

விடை: அருளாந்துவின் காயம். பதினெட்டு வருடமாக இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிக்குப் புண் மெதுவாகவே ஆறும். அவருடைய நான்கு நாள் காயம் இரண்டு நாள் காயம்போல் தெரியலாம். இளரத்தமானாலும் நான்கே நாளில் நிதினுடையதுபோல் ஆறிவிடாது. செல்லப்பாண்டியுடையது ஈரம்கூடக் காயாத நேற்றைய காயம். ஆனால் என்றைக்குப் பட்டது என்பதைத்தான் தோல் சொல்லும். எங்கே பட்டது என்று சொல்லாது. அதனால் டாக்டர், "மற்ற இருவருடையதும் அல்ல, இவருடையதாக இருக்கக்கூடும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் பிள்ளைகளை வரவழைத்தார். வராந்தாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த அருளாந்துவின் குரல் காதில் விழுந்ததுமே, இரண்டாம் வகுப்பு மிருதுளா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"தாத்தா, என் செருப்பு கிடைச்சுதா?"

"எல்லாரும் போனப்புறம் வந்து மறுபடி முங்கித் தேடுனேன் தாயி. ஒண்ணுதான் கெடைச்சுது. வீட்டுல வச்சிருக்கேன்."