அஞ்சுகம் எதைப் படிப்பது?

கோபத்தில் கேட்கிற கேள்விக்கு இர்ஃபான் உடனே பதில் சொல்ல மாட்டார். அவரிடம் படிக்க வருகிற எல்லாருக்கும் அது தெரியும். அஞ்சுகத்துக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை.

"மூணு படிப்பு சொன்னீங்க சார். சட்டம், கட்டடப் பொறியியல் டிப்ளமா, குடியிருப்பு நிர்வாகம். இதுல எதை நான் படிக்கட்டும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஏழைகளுக்கு அரசு கட்டித்தரும் வீடுகள் சம்பந்தமான வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுப்பவர் இர்ஃபான். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக் கூடம்தான் வகுப்பறை. அஞ்சுகத்தைவிட அவர் ஏழெட்டு வயது இளையவர். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

"எதுக்குக்கா படிக்கணும்?"

"எங்கம்மாவக் கொன்னவங்கள கோர்ட்டுல நிறுத்தணும். அதுக்குத்தான்."



அஞ்சுகத்தின் குடும்பம் கால்வாய்க் கரையில் குடியிருந்தது. குடிசைகளை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா. குடிவந்த கொஞ்ச நாளிலேயே லிஃப்ட் நின்றது, நின்றது நின்றதுதான். ஒரு மழைநாள் மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ஆண்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியிலேயே அம்மாவின் தலை அஞ்சுகத்தின் தோளில் சரிந்துவிட்டது. கீழே ஆம்புலன்ஸ் தயாராக நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் போகாத அலுவலகம் இல்லை. லிஃப்ட் எங்கள் பிரிவில் வராது என்றார் பொறியாளர். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள் லிஃப்ட் கம்பெனியில். குலுக்கலில் விழுந்த வீடு, நாங்கள் என்ன செய்வது என்றார் ஒதுக்கீட்டு அதிகாரி.

"ஒருத்தன் கூட, ஆமா என் தப்புதான்னு சொல்லல சார். ஒருத்தன் கூட!"

இர்ஃபான் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "வர்ற சனிக்கிழமை புது பிளாக்ல வீடு ஒப்படைக்கிறாங்க. ஆத்தங்கரை ஆளுங்க வர்றாங்க. வழிகாட்ட ஆள் கேட்டிருக்காங்க. போயிட்டு வாங்க."

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஆனால் சனிக்கிழமை காலை அங்கே போய் நின்றாள்.

கழுத்தில் 'தன்னார்வலர்' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். லாரிகளில் குடங்களும் பாயும் துணிமூட்டையும் வந்து இறங்கின. புதுக் கட்டடம், புது பெயின்ட் வாசனை. லிஃப்டுக்கு மட்டும் இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. அஞ்சுகம் போய் அதன் பொத்தானை அழுத்திப் பார்த்தாள்.

ஒரு பெண் அவளை நோக்கி விறுவிறுவென்று வந்தாள். பெயர் ரோஸ்லின். முதுகில் மகன் ஸ்டீபன். மீசை அரும்புகிற வயது. இரண்டு காலும் சூம்பிப்போய்த் தொங்கின. வந்த வேகத்தில் அஞ்சுகத்தின் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏழாவது மாடியா? இவனுக்கு ஏழாவது மாடியா? கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கெல்லாம்? உன் புள்ளையா இருந்தா இப்படித் தருவியா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஆபீசர் இல்ல. என்னை ஏன் திட்டுறீங்க? நான் சும்மா வழிகாட்ட வந்தவ."

ரோஸ்லின் அட்டையை விட்டாள். அவள் பார்த்த பார்வை, திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அஞ்சுகம் நேராக, வீடு ஒப்படைக்க வந்திருந்த அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டாள். "குலுக்கல்ல வந்தத நான் மாத்த முடியாதும்மா. மாத்தினா என் வேலை போயிடும்" என்றார் அவர். தரைத்தளத்தில் வீடு கிடைத்த தணிகாசலத்திடம் போய், வீட்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அவர் இஸ்திரி போடுகிறவர். "ஏழாவது மாடிக்கு யாரும்மா துணி தூக்கிட்டு வருவா? என் பொழப்புக்கு நீ வழி சொல்லு, இப்பவே மேல போறேன்" என்றார். அவளுக்கு வழி சொல்லத் தெரியவில்லை. தெரியாத ஆத்திரத்தில் அவரிடமும் கத்தினாள். அவர் மனைவி கதவைச் சாத்திவிட்டாள்.

கடைசியில் ரோஸ்லினும் அவளும் மாற்றி மாற்றி ஸ்டீபனைச் சுமந்துகொண்டு ஏறினார்கள். நடுவில் ஒரு மாடியில் இருவருமே மூச்சு வாங்க நின்றபோது அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "என்னை இறக்கி விடுங்க. நான் தவழ்ந்தே வந்துடறேன்."

இரண்டு பெண்களும் அவனை மறுபடி தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே அஞ்சுகம் கூடத்தில் இருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"முடிவு பண்ணிட்டேன் சார். சட்டம்தான். அந்த ஆபீசர்ல ஆரம்பிச்சு ஒருத்தரையும் விடப்போறதில்ல."

"நல்லது. ரோஸ்லின் திட்டினப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் திடுக்கிட்டாள். "யார் சொன்னா உங்களுக்கு?"

"நேத்து சாயங்காலம் அங்க போயிருந்தேன். ரோஸ்லினே சொன்னாங்க."

"ஆபீசர் இல்லன்னு சொன்னேன். அது உண்மைதானே?"

"உண்மைதான். லிஃப்ட் எங்க பிரிவு இல்லன்னு பொறியாளர் சொன்னதும் உண்மைதான்."

அஞ்சுகம் எழுந்துவிட்டாள். "என்னையும் அந்த ஆளையும் ஒண்ணா வைக்கிறீங்களா? செத்துப்போன அம்மாவத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு இறங்கினவ சார் நான்! உங்களுக்கு என்ன தெரியும்?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வராமல் அங்கேயே நின்றார்கள். இர்ஃபான் கண்ணைத் தாழ்த்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"அதனாலதான் உங்களக் கேக்கறேன். வேற யாரையும் நான் இப்படிக் கேக்கறதில்ல."

கோபம் தணியவில்லை, ஆனால் அதை யார் மேல் கொட்டுவது என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப சட்டம் வேணாமா?"

"தாராளமாப் படிங்க. நாளைக்கு ரோஸ்லின் வந்து கேட்டா, கேஸ் கோர்ட்டுல இருக்குன்னு சொல்லலாம்."

"கட்டடப் பொறியியல்?"

"கட்டடம் கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லலாம். அதுவும் பொய்யில்ல."

அஞ்சுகம் பல்லைக் கடித்தாள். "குடியிருப்பு நிர்வாகம்?"

"அதைப் படிச்சா அந்த மாதிரி பிளாக்ல, தரைத்தளத்துல ஒரு ஆபீஸ் ரூம் கொடுப்பாங்க. காலையில நீங்க கதவைத் திறக்கறப்ப ரோஸ்லின் வாசல்ல நிப்பாங்க. நேத்து திட்டின மாதிரியே திட்டுவாங்க. உள்ள வாங்கன்னு கூப்பிடணும். மறுநாளும் வருவாங்க, மறுநாளும் கூப்பிடணும். முடியுமாக்கா?"