போதும்னு ஒரு சொல்லு

"பவுனுத்தாயி மூட்டை கட்டிருச்சு நூரு. நாளைக்குக் காலைல கெளம்புதாம்."

சமையக்கட்டு வாசல்ல நின்னு ரெஜினா சொன்னா. அந்தப் பெண்கள் காப்பகத்துக்கு அவதான் சமூகப் பணியாளர். படிச்சது ரெண்டு டிகிரி. குசுகுசுன்னு பேசுனாலே தெரு முனை வரைக்கும் கேக்கும்.

நூர்ஜகான் அங்க சமையல். ரெஜினாவ விட எட்டு வயசு சின்னவ. ஒரு காலத்துல அவளும் இங்க மூட்டையோட வந்து எறங்குனவதான்.

"எங்க போகுதாம்?"

"அந்த வீட்டுக்கே. ஏழு வருஷம் பூட்டி வெச்சு வேலை வாங்கி, கையில சூடு போட்டாங்களே, அதே வீட்டுக்கு. வேற எடம் தெரியாதாம்."

நூரு கரண்டியக் கழுவி வெச்சா. ரெஜினாதான் தொடந்து பேசுனா.

"நான் என்ன கொறை வெச்சேன், சொல்லு? தெனம் பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சுக்கிட்டுக் கேக்குறேன்."

"எப்படிக்கா கேப்பீங்க?"

ரெஜினா தலைய ஒரு பக்கமா சாச்சா. கொரல்ல தேன் ஒழுகுச்சு.

"தங்கம்... கண்ணு... மனசுல இருக்கறத கொட்டிடும்மா. கொட்டுனாத்தான் பாரம் கொறையும்."

"அதுக்கு என்ன சொல்லுது?"

"'போதுங்க்கா'ங்குது. கூச்சம். நம்ம ஊர்ல பந்தியில யாராச்சும் போதும்னா ஒடனே விட்டுருவோமா? நானும் விடல."

"உக்காருங்கக்கா. சாப்பிடுங்க."

நூரு தட்டு வெச்சா. சோறு போட்டா. ஆறிப்போன ரசத்த ஊத்துனா.

"போதும் நூரு."

ஊத்துனா.

"போதும்டி!"

"தங்கம்... கண்ணு... கூச்சப்படாதீங்கக்கா."

அதே சாஞ்ச தலை. அதே தேன் கொரல். ரெஜினாவே ரெஜினாவுக்குப் பரிமாறுற மாதிரி இருந்துச்சு.

ரெஜினா சிரிச்சுக்கிட்டே தட்டுக்குக் குறுக்க கைய வெச்சா. நூரு அந்தக் கை மேலயே ஊத்துனா. தட்டு வழிஞ்சு, சேலை நனைஞ்சு, தரையில ஓடுச்சு.

"போதுங்கறேன்ல! காது கேக்கலையா ஒனக்கு?"

சிரிப்பு போயிருச்சு. கண்ணுல தண்ணி நின்னுச்சு.

நூரு கரண்டிய கீழ வெச்சா.

"நீங்க மூணு தடவ சொன்னீங்கக்கா. பவுனுத்தாயி ஏழு வருஷமாச் சொல்லுது."

ரெஜினா ஈரச் சேலையோட எந்திரிச்சுப் போனா.

பவுனுத்தாயி ரூம் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. தெனம் நேரா உள்ள போறவ, இன்னைக்கு வெளியவே நின்னா.

"உள்ள வரட்டுமா?"

பவுனுத்தாயி கட்டுன மூட்டைய மடியில வெச்சிருந்தா. ரெஜினாவையே ரொம்ப நேரம் பாத்தா.

"வேண்டாங்க்கா."

ரெஜினா வாயத் தொறந்தா. மூடிக்கிட்டா.

"சரிம்மா."

திரும்பி நடந்தா. வராந்தா பாதி வரைக்கும் போயிட்டா.

பின்னால கதவு மெல்லச் சாத்துற சத்தம். இரும்பு உரசுற சத்தம். ஒரு தடவ, ரெண்டு தடவ.

"அக்கா..."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டா.

"இந்த உள்தாப்பா துருப்புடிச்சுக் கெடக்கு. போட வரல. நாளைக்கு யாராச்சும் வந்து சரி பண்ணித் தருவாங்களா?"