பெரிய மகாராஜாவின் பசிக்கு முத்திரை உண்டா?

வெள்ளாற்றூரை ஆண்ட பொன்னம்பல பூபதி நல்ல மனுஷர். கூடவே சோம்பேறி. நீட்டிய ஓலையிலெல்லாம் படிக்காமல் முத்திரை வைப்பார். இப்படி ஒரு ராஜா கிடைத்தால் பிரதானிக்குக் கொண்டாட்டம்தானே.

ஊரில் கொள்ளைநோய் வந்தது. வீட்டைவிட்டு வெளியே வந்தால் சவுக்கடி என்று தண்டோரா போட்டார்கள். நோய் அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனால் கீழ வாசலில் மூட்டை தூக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் அறுபது இருந்தன. சந்தை மூடிய மறுநாளே அவர்கள் அடுப்பில் பூனை தூங்கியது. ஆப்பக்கடை மீனாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. கடையில் மிச்சமிருந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சி, வாசலில் வைத்த சட்டிகளில் ஊற்றிவிட்டு, யாரையும் தொடாமல் நகர்ந்துவிடுவாள். காவலர்களும் கண்டுகொள்ளவில்லை.

பிரதானி நரசப்பர் கண்டுகொண்டார். ஊர் வாயில் மீனாம்பாள் பெயர் இருந்தால் பிரதானி பெயரை எங்கே வைப்பது? உடனே ஓர் ஆணை எழுதினார். கொஞ்சம் தமிழ் படித்தவர், அலங்காரமாக எழுதுவார்.

"பசித்த எவ்வுயிர்க்கும் எவரொருவர் அன்னமிடுவதாயினும் அரண்மனை முத்திரை பெறுக. மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க. உண்பவர் நேரில் வந்து, தாம் பசித்தவர்தான் என்று சத்தியம் செய்க. பானையில் பிரதானியாரின் திருவுருவம் வரைக."

ராஜா வழக்கம்போல முத்திரை வைத்தார். மீனாம்பாளின் பானைகளைக் காவலர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அரசவையில் வேடிக்கை பேசிச் சம்பளம் வாங்குகிறவன் ஆவுடையான். மீனாம்பாள் அவன் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"முந்தாநாள்லேர்ந்து அந்த சனங்க வெறும் தண்ணியக் குடிச்சுட்டுக் கெடக்கு சாமி. நேர்ல வந்து பசின்னு சத்தியம் பண்ணணுமாம். வெளிய வந்தா சவுக்கடியாம். இதுல எந்த ஆணைய மீறணும்னு நீங்களே சொல்லுங்க."

ஆவுடையானுக்கு அன்று வேடிக்கை வரவில்லை. நேரே பிரதானியிடம் போனான்.

"ஆணையைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா, பிரதானியாரே?"

"சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்று."

"அரண்மனைக்குமா?"

"அரண்மனைக்கும்தான்" என்றார் நரசப்பர், மீசையை நீவிக்கொண்டே.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ஆவுடையான் திரும்பிவிட்டான்.

மறுநாள் ராஜாவின் தகப்பனாருக்குத் திதி. வடை, பாயசம் என்று சமையல் மணத்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ராஜா, பிண்டம் வைத்து முடித்து, வாழையிலையில் சோறும் பருப்புமாக எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். காக்கை கொத்தாமல் அவர் கை நனைக்க முடியாது. கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துக் "கா, கா" என்று கூப்பிட்டார். ஒரு கிழட்டுக் காக்கை வந்து உட்கார்ந்தது.

ராஜாவோடும் பிரதானியோடும் மாடிக்கு வந்திருந்த ஆவுடையான் மேல்துண்டை வீசி அதை விரட்டினான்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் ராஜா.

"இல்லை மகாராஜா, பயம். முத்திரை இல்லாத சோறு. 'பசித்த எவ்வுயிர்க்கும்' என்று ஆணையில் இருக்கிறது. காக்கைக்கும் உயிர் இருக்கிறதே."

நரசப்பர் பதறிப்போய் முன்னால் வந்தார். "இப்போதே முத்திரை வாங்கித் தருகிறேன்."

"அதெப்படி? மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டுமே. அதுவும் போகட்டும். உண்பவர் நேரில் வந்து சத்தியம் செய்ய வேண்டும். இங்கே உண்பவர் யார்? காக்கையாக வந்திருக்கும் உங்கள் தகப்பனார், நம் பெரிய மகாராஜா. அவரை எந்த வழியாக அழைத்து வரப்போகிறீர்? வழியில் சவுக்கடி விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்."

ராஜாவின் வயிறு சத்தம் போட்டது. பிரதானி குழைந்தார்.

"மகாராஜா, இன்று ஒருநாள் மட்டும் காக்கைக்கு வைக்காமல் சாப்பிட்டுவிடலாமே."

"என் தகப்பனாரைப் பட்டினி போடச் சொல்கிறீரா?" ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "இந்த மடத்தனத்துக்கு முத்திரை வைத்தவன் எவன்?"

"மோதிரம் உங்கள் விரலில்தான் இருக்கிறது, மகாராஜா" என்றான் ஆவுடையான்.

ராஜா விரலைப் பார்த்துக்கொண்டார். ஆவுடையான் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்கள் தகப்பனார் செத்த பிறகு ஒரு நாழிகை காத்திருக்கிறார். கீழ வாசலில் தகப்பன்மார் உயிரோடு மூன்று நாளாகக் காத்திருக்கிறார்கள்."

நரசப்பர், "கட்டுப்பாடு இல்லாவிட்டால் கூட்டம் கூடும், நோய் பரவும்" என்று இழுத்தார்.

"ஆப்பக்கடை மீனாம்பாள் வாசலுக்கு வாசல் கஞ்சி ஊற்றினாள், ஒருத்தரும் வெளியே வரவில்லை. அவள் பானைகளைத் தூக்கிவரச் சொல்லிவிட்டு, எல்லோரும் நேரில் வந்து உம் முன்னால் நிற்க வேண்டும் என்றது நீர்தானே?" என்றான் ஆவுடையான்.

ராஜா அந்த ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். முதல் தடவையாக முழுதும் படித்தார். படித்துவிட்டுக் கிழித்தார்.

"மீனாம்பாளின் பானைகளைத் திருப்பிக் கொடுங்கள். களஞ்சியத்து அரிசியும் போகட்டும். திதிச் சமையல் அத்தனையும் இப்போதே கீழ வாசலுக்குப் போகட்டும். தூக்கிக்கொண்டு போகிறவர் நரசப்பர்."

பிரதானி தலையில் பாயசப் பானையோடு தெருவில் இறங்கினார். அவர் மீசையில் பாயசம் வழிந்தது.

ராஜா மறுபடி கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துக் கூப்பிட்டார். கிழட்டுக் காக்கை எதிர்வீட்டு ஓட்டிலிருந்து ஒருமுறை பார்த்தது. பிறகு விர்ரென்று கீழ வாசல் பக்கம் பறந்துவிட்டது.

"ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்றார் ராஜா கவலையோடு.

"நம்மை இன்னும் நம்பவில்லை, மகாராஜா. முத்திரை கேட்காத வீட்டில் சாப்பிட்டுக்கொள்வோம் என்று பெரிய மகாராஜா போய்விட்டார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பசி வேறு. சிரித்து முடித்ததும், தகப்பனார் சாப்பிட்டாரா என்று பார்க்கக் கீழ வாசலுக்கே நடந்தார்.