ஓலை வரிசைப்படி பதில் சொன்ன மாசிலாமணி

முன்னொரு காலத்தில், நேர்காணல் என்ற சொல்லைக்கூட யாரும் கேட்டிராத ஒரு நாட்டில், உத்தமபூபதி என்ற அரசர் ஒருநாள் காலை யானைக் கொட்டிலைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கியது. உடனே கொட்டிலின் தலைவர் ஓடிவந்து அரசரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. அவருக்கு யானை என்றாலே பயம். பதினொரு வருடமாக மாமனாரின் சிபாரிசில் அந்தப் பதவியில் இருந்துவந்தார்.

அரசருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சபைக்குத் திரும்பியதும் ஆணையிட்டார்.

"இந்த அரண்மனையில் உள்ள ஒவ்வொருவரும் அவரவர் பதவிக்குத் தகுதியானவர்தானா என்று நேருக்கு நேர் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். தேறாதவர் வீட்டுக்குப் போகலாம். கேள்வி கேட்கும் பொறுப்பு அமைச்சர் வெண்காடருடையது."

வெண்காடருக்கு உள்ளூர மகிழ்ச்சி. அரண்மனை விகடன் மாசிலாமணியை அவருக்கு நெடுநாளாகவே பிடிக்காது. அவர் மூன்று நாள் யோசித்துச் சொல்லும் ஆலோசனைக்கு அரசர் கொட்டாவி விடுவார்; மாசிலாமணி ஒரு வார்த்தை சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். இந்த ஆளை வெளியே அனுப்ப இதைவிட நல்ல சமயம் வருமா?

முதல் வேலையாக அந்தச் சோதனைக்கு நேர்காணல் என்று புதிதாகப் பெயர் வைத்து, ஒரு விதியை எழுதி, அரசரிடம் முத்திரை வாங்கினார். 'நேர்காணல் நடக்கும்போது மண்டபத்துக்குள் சிரிப்பவர் எவராயினும் அக்கணமே பதவி இழப்பார்.' மண்டபத்தில் ஒருவரும் சிரிக்காவிட்டால், இவன் என்ன விகடன் என்று கேட்டுவிடலாம் அல்லவா!

இது தெரியாத மாசிலாமணி ஊரெல்லாம் யோசனை கேட்டு அலைந்தான். வாயிற்காவலன், "நெஞ்சை நிமிர்த்தி நில்லு, போதும்" என்றான். சமையற்காரர், "குனிஞ்சே நில்லுப்பா, பணிவு முக்கியம்" என்றார். அவைப்புலவர், "யாருக்கும் விளங்காத சொல்லாகப் பார்த்துப் பேசு" என்றார். மாசிலாமணி நிமிர்ந்தும் குனிந்தும் தன் எருமைக்கு முன்னால் பேசிப் பார்த்தான். எருமை பாதியிலேயே எழுந்து போய்விட்டது.

"செங்கமலம், எனக்கு ஒண்ணும் புரியலை. நான் இத்தனை நாளா என்ன வேலை பார்த்தேன்னே எனக்கு இப்போ சந்தேகமா இருக்கு" என்றான் மனைவியிடம்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க. வேலை போனா என்ன பண்றதுன்னு நான் யோசிச்சுக்கறேன்" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெண்காடரே அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாசிலாமணி, உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இதோ, நான் கேட்கப்போகும் ஐந்து கேள்விகள். பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு வா."

ஓலையில் ஐந்து கேள்விகள் வரிசையாக இருந்தன. உன் பெயர் என்ன? உன்னிடம் உள்ள குறை என்ன? நம் அரசர் எப்படிப்பட்டவர்? உன் வீட்டு எருமை எப்படிப்பட்டது? உன் வேலையை மேற்பார்ப்பவர் யார்?

வீட்டில் அவன் அதைப் படித்துக் காட்டியதும் செங்கமலம் நெற்றியைச் சுருக்கினாள். "ஏங்க, அவரு எதுக்கு நமக்கு உதவி பண்றாரு?"

அந்தக் கேள்வி மாசிலாமணியை இன்னும் குழப்பிவிட்டது. திரும்பவும் அமைச்சரிடம் ஓடினான்.

"ஐயா, நான் தடுமாற்றக்காரன். வரிசை மாறிவிட்டால் உளறிவிடுவேனே?"

"மாறாது. இதே வரிசையில் பதில் சொல்."

"என்ன நடந்தாலுமா, ஐயா?"

"என்ன நடந்தாலும்!"

"அதையும் ஓலையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் ஐயா, நான் மறந்துபோவேன்."

இவனை விரட்டினால் போதும் என்று வெண்காடர் எழுதிக் கையொப்பமும் போட்டுக் கொடுத்தார்.

நேர்காணல் நாள் வந்தது. அரசர் அரியணையில் இருந்தார். விதியைப் படித்துக் காட்டியதும் சபை முழுக்க உதட்டை இறுக்கிக்கொண்டது. மாசிலாமணி பாதி நிமிர்ந்தும் பாதி குனிந்தும் வந்து நின்றான்.

"உன் பெயர் என்ன?" என்று தொடங்கினார் வெண்காடர்.

"மாசிலாமணி, ஐயா."

வெண்காடர் மீசைக்குள் புன்னகைத்தபடி கடைசிக் கேள்விக்குத் தாவினார். "உன் வேலையை மேற்பார்ப்பவர் யார்?"

மாசிலாமணி ஒரு நொடி விழித்தான். பெயருக்கு அடுத்தது குறை அல்லவா? என்ன நடந்தாலும் இதே வரிசை என்றாரே! கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது பதிலைச் சொன்னான்.

"சபையில் உட்கார்ந்தபடியே தூங்குகிற ஆள், ஐயா. திருத்தப் பார்த்தேன், முடியவில்லை."

சபையில் யாரோ பலமாக இருமினார்கள். வெண்காடரின் முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

"உன் வீட்டு எருமை எப்படிப்பட்டது?"

"கருணைக் கடல். அவரை வணங்காமல் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை."

சேனாதிபதி தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். புலவர் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

"நம் அரசர் எப்படிப்பட்டவர்?"

"ஒரு கொம்பு உடைந்துவிட்டது. மற்றபடி சாது. வேளாவேளைக்குத் தீனி வைத்துவிட்டால் ஒரு தொந்தரவும் கிடையாது."

அரசரின் கன்னங்கள் உப்பின. கண்ணில் நீர் முட்டியது. சிரித்தால் பதவி போய்விடும், முத்திரையோ அவருடையது! அரியணையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வெண்காடர் கத்தினார். "போதும்! கடைசியாகக் கேட்கிறேன். உன்னிடம் உள்ள குறைதான் என்ன?"

"அமைச்சர் வெண்காடர், ஐயா."

அவ்வளவுதான். அரசர் துள்ளி எழுந்தார். இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார். வாசற்படியைத் தாண்டியதும் வெளியே இடி இடித்ததுபோல் ஒரு சிரிப்புக் கேட்டது. அடுத்து சேனாதிபதி ஓடினார். புலவர் ஓடினார். காவலர்கள் வேல்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். மண்டபத்தில் மிஞ்சியது வெண்காடரும் மாசிலாமணியும்தான்.

"எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள்?" என்றார் வெண்காடர்.

"தெரியவில்லையே ஐயா. நான் தேறிவிட்டேனா இல்லையா?"

சற்று நேரத்தில் அரசர் கண்ணைத் துடைத்தபடி வந்து அமர்ந்தார். சபையும் பின்னாலேயே வந்தது.

"அரசே, இது ராஜநிந்தனை!" என்று வெண்காடர் குதித்தார். "போகட்டும் என்று விட்டாலும், மண்டபத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இவனா விகடன்?"

மாசிலாமணி ஓலையை நீட்டினான். அரசர் கேள்விகளைப் படித்தார். வரிசையைப் படித்தார். அடியில் இருந்த கையொப்பத்தையும் படித்தார்.

"மாசிலாமணி, உண்மையைச் சொல். நீ குழம்பிப்போய்ப் பேசினாயா, திட்டம்போட்டுப் பேசினாயா?"

"வந்தபோது குழப்பமாகத்தான் இருந்தது, அரசே. அமைச்சர் இரண்டாவது கேள்வியை மாற்றியதும் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவதையும் மாற்றியபோது நன்றாகவே தெளிந்துவிட்டது."

அரசர் அமைச்சரைப் பார்த்தார். "வெண்காடரே, மண்டபத்துக்குள் யாரும் சிரிக்காததால் உம்முடைய விதியும் பிழைத்தது. மண்டபமே காலியானதால் இவனுடைய வேலையும் நடந்தது. இனி இந்த விதி எதற்கு?"

விதி எழுதியிருந்த ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தமுறை அரியணையில் உட்கார்ந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. வெண்காடர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணிக்கு ஆயுள் உள்ளவரை விகடன் பதவி, தோளில் ஒரு பட்டுச் சால்வை, கையில் ஒரு பொற்கிண்ணம் என்று அரசர் அப்போதே வழங்கினார். பிறகு, "அடுத்து அமைச்சரின் நேர்காணல். கேள்வி கேட்கப்போவது நான்" என்றார்.