வெள்ளை ஜீப்பும் பச்சை ஜீப்பும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் சொர்ணம் அக்கா. என் சின்ன மகள் கல்யாணத்துக்கு முந்தின பங்குனி உத்திரத்தன்று, கோயில் மண்டபத்தில் இரண்டு பேரும் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன். ஏதாவது விட்டுப்போனால் அது என் மறதி.

மலைமேல் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் தவமணி அம்மா. நாற்பது வயதுதான் இருக்கும். அவருடைய சீடர் கோதண்டத்துக்கு அறுபத்திரண்டு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். வயதில் சின்னவரை அவர் அம்மா என்பார். அம்மா அவரை ஐயா என்பார்.

மழை பிடித்தால் அந்த மலைப்பாதை முழுக்கச் சேறு. ஒரு வருஷம் ஐப்பசியில் செவந்தி என்ற பெண்ணை டோலி கட்டிப் பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்தது. அழவில்லை.

அடுத்த வருஷம் செவந்தி மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில்தான் நாள். அதற்குள் ஒரு பழைய ஜீப் வாங்கிவிட வேண்டும் என்று ஊரும் மடமும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர்வீல் ஜீப். பார்த்துச் சொல்லும் பொறுப்பு கோதண்டத்துக்கு வந்தது.

அவர் ஒரு நோட்டு வாங்கி நாற்பது கேள்வி எழுதிக்கொண்டு கீழே போனார். இரண்டு வண்டிகள் அகப்பட்டன.

வெள்ளை ஜீப் அரிசி மண்டி சபாபதியுடையது. பதினெட்டு வருஷத்து வண்டி, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பச்சை ஜீப் மலைக் கிராமங்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் தாவூதுடையது. ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

ஒரு மெக்கானிக் வெள்ளையைச் சொன்னார். இன்னொருவர் பச்சையைச் சொன்னார். மூன்றாமவர் இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டு, உங்க மனசுக்கு எது பட்டதோ அதை எடுங்க சாமி என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார். கோதண்டத்தின் மனசுக்கு ஒன்றும் படவில்லை. கேள்விக்கு ஒரு மார்க் என்று போட்டுக் கூட்டினார். இரண்டுக்கும் இருபத்தேழு வந்தது.

மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டு, இரண்டு வண்டிகளையும் மடத்து வாசலுக்கே வரச் சொன்னார். அப்போது புரட்டாசி கடைசி.

அம்மா நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

“வண்டிக்கு அடியில பார்த்தீங்களாய்யா?”

“இல்லைம்மா. பார்க்கப் போனப்பல்லாம் குளிச்சிட்டுப் போயிருந்தேன். இன்னிக்கும் குளிச்சாச்சு. உச்சிப் பூஜை இருக்கு.”

வாஸ்தவம்தான். மடத்தில் இருப்பவர்கள் குளித்துத் திருநீறு பூசிவிட்டால் பூஜை முடிகிறவரை தரையில் படுக்க மாட்டார்கள். வண்டிக்கு அடியில் படுப்பதா?

அம்மா சமையற்கட்டிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் வெள்ளைக்கு அடியில் போனார். பிறகு பச்சைக்கு அடியில். சபாபதியும் தாவூதும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே வந்தபோது அம்மாவின் நெற்றியில் திருநீற்றுக்குப் பக்கத்தில் கிரீஸ் இருந்தது.

“வெள்ளையில ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகலை. பச்சையில மூணு இடத்துல உடைஞ்சு வெல்டிங் வெச்சிருக்கு.”

கோதண்டத்துக்கு மூச்சு வந்தது. அப்போ வெள்ளைதானே என்றார்.

“மடத்து ஊத்துக்குக் கீழே எப்பவும் சேறு இருக்குல்ல? அதுல விட்டுப் பார்ப்போம்.”

சபாபதிக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா, இது ஒரு தடவைகூடச் சேறு மிதிச்சதில்லை, வீட்டுப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன் என்றார். ஆனாலும் மறுக்காமல் இறக்கினார். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டை லிவரைப் போட்டால்தான் முன்சக்கரம் இழுக்கும். பதினெட்டு வருஷமாகத் தொடாத லிவர். இரண்டு கையாலும் இழுத்தார். கடகடவென்று சத்தம் வந்ததே தவிர முன்சக்கரம் சுற்றவில்லை. பின்சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி தோண்டிக்கொண்டது.

“மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துடுச்சே,” என்றார் தாவூது.

“உன் வண்டியை விடு பார்க்கலாம்,” என்றார் சபாபதி.

ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் கயிறு கட்டி வெள்ளையை இழுத்தார்கள். பிறகு பச்சை இறங்கியது. நடுச்சேறுவரை போயிற்று. அங்கே அதுவும் நின்றுவிட்டது.

சபாபதி சிரித்தார். கோதண்டம் நோட்டைத் திறந்தார், மூடினார். இரண்டும் ஒன்றுதான் என்றால் செவந்தியை எதில் ஏற்றுவது?

தாவூது அவசரப்படவில்லை. முன்னே ஒரு சாண் விட்டார். பின்னே ஒரு சாண் விட்டார். தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் சக்கரத்துக்கு எங்கோ பிடி கிடைத்து, வண்டி முக்கிக்கொண்டு அக்கரை ஏறியது.

கோதண்டம் அம்மாவின் பக்கத்தில் வந்தார்.

“அதுவும்தாம்மா மாட்டிக்கிச்சு.”

“ஆமா. வெளியவும் வந்துச்சு.”

கோதண்டம் வெள்ளை ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். சேறு அதன் கதவுவரை அப்பியிருந்தது. சபாபதி தன் துண்டாலேயே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் அம்மாவிடம் கேட்டார்.

“சுத்தமா இருந்தது தப்பாம்மா?”

“தப்புன்னு சொல்லலைங்கய்யா. அது சேத்துல நின்னது இன்னிக்குத்தான் முதல் தடவை. வெளிய வர்றதை அது செவந்தியை ஏத்திக்கிட்டுக் கத்துக்க வேண்டாம்.”

உச்சிப் பூஜைக்கு மணி அடித்தது. கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, பச்சை ஜீப் இருந்த கரைக்கு நடந்தார்.

சொர்ணம் அக்கா இத்தோடு நிறுத்திவிட்டார். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மலைப் பக்கம் மழை என்று காதில் விழுந்தால், பிரசவத்துக்கு இறங்கி வருகிற ஒரு பெண்ணுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.